சர்வர் தயாரிப்புக்கான சோதனை ஜிக்குகளை வடிவமைத்தல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இரண்டு பிராசஸர்கள் பொருந்தும் வழக்கமான சர்வர் மதர்போர்டு ஒன்றையும், அது முழு சர்வராகக் கூட்டப்பட்டு வெளியேறும் வரையிலான பாதையையும் மனத்தில் வைத்தே இங்குள்ள விடைகள் எழுதப்பட்டுள்ளன. ஜிக் என்பது போர்டைப் பிடித்துவைத்து, இணைப்புகள் கொடுத்து, சோதிக்க உதவும் அமைப்பு. மின்னணு உற்பத்தியில் ஓரளவு பழக்கம் உள்ளவர்களுக்கானவை என்றாலும், பிற துறைப் பொறியாளர்களும் தொடர்ந்து படிக்க முடியும்.

எந்தச் சோதனைக் கருவிகளை வாங்கலாம், எவற்றை நாமே வடிவமைக்க வேண்டும்?

சாலிடர் பசையின் அளவைப் பார்க்கும் இயந்திரம், பாகங்கள் சரியாக உட்கார்ந்துள்ளனவா என்று கேமராவால் பார்க்கும் இயந்திரம், பிஜிஏ சிப்புகளுக்கு அடியில் மறைந்திருக்கும் சாலிடர் உருண்டைகளைப் பார்க்கும் எக்ஸ்ரே இயந்திரம் ஆகிய மூன்றும் ஆயத்தமாகக் கிடைப்பவை. எந்தப் போர்டு வந்தாலும் அவற்றின் புரோகிராமை மாற்றினால் போதும். அவற்றுக்குப் பின்னால் வரும் மூன்று நிலைகளில்தான் தனி வடிவமைப்பு தேவைப்படுகிறது. முதலாவது, ஐசிடி எனப்படும் சோதனை: பிராசஸரோ மெமரியோ இல்லாத வெறும் போர்டை ஸ்பிரிங் ஊசிகளின் படுக்கைமேல் அழுத்தி, ஒவ்வொரு மின்தடையையும் மின்தேக்கியையும் குறுக்குச்சுற்றையும் அளப்பது. இரண்டாவது, பிராசஸரும் மெமரியும் பொருத்தி போர்டை உண்மையாகவே இயக்கிப் பார்க்கும் செயல்பாட்டுச் சோதனை. மூன்றாவது, கூட்டி முடித்த சர்வரை மணிக்கணக்கில் சுமையேற்றி ஓட்டும் ரன்-இன்.

ஐசிடி நிலையில் அளக்கும் இயந்திரத்தைக் கீசைட், டெராடைன் போன்ற நிறுவனங்களிடமிருந்து வாங்கிக்கொள்ளலாம். அதன்மேல் உட்கார்ந்து போர்டைத் தாங்கும் ஊசிப் படுக்கையான ஃபிக்ஸ்சர் மட்டும் போர்டுக்குப் போர்டு மாறும். மற்ற இரண்டு நிலைகளிலும் ஏறக்குறைய எல்லாமே நம் கையில்தான் இருக்கிறது. முதல் சில பத்து மாதிரிப் போர்டுகளுக்காக ஃபிக்ஸ்சர் செய்வது வீண் செலவு. நான்கைந்து ஊசிகள் தாமாக நகர்ந்து சென்று தொட்டுப் பார்க்கும் ஃப்ளையிங் புரோப் இயந்திரம் அந்தக் கட்டத்துக்குப் போதும். ஒரு போர்டுக்கு நெடுநேரம் எடுக்கும் என்பதால் முழு உற்பத்திக்கு அது ஒத்துவராது.

வடிவமைப்பை எப்போது தொடங்க வேண்டும்?

போர்டின் சர்க்யூட் வரைபடம் இன்னும் திருத்தத்தில் இருக்கும்போதே தொடங்க வேண்டும். போர்டு அச்சாகி வந்த பிறகு தொடங்கப்படும் ஜிக், போர்டில் என்ன விட்டுப்போயிற்று என்பதைப் பட்டியலிட மட்டுமே உதவும்.

வரைபட நிலையில் சோதனைப் பொறியாளர் கேட்டுப் பெற வேண்டியவற்றின் பட்டியல் நீளமானது அல்ல, ஆனால் ஒன்று விடுபட்டாலும் பின்னர் ஈடுசெய்ய வழியில்லை. ஊசி தொடுவதற்கான சோதனைப் புள்ளிகள் கூடியவரை போர்டின் ஒரே பக்கத்தில், ஏறத்தாழ 0.9 மில்லிமீட்டர் விட்டத்தில், ஒன்றுக்கொன்று 2.54 மில்லிமீட்டர் இடைவெளியில் இருந்தால் ஊசிகள் உறுதியாகவும் மலிவாகவும் அமையும். இடமில்லாவிட்டால் 1.91 மில்லிமீட்டருக்கு இறங்கலாம். 1.27 மில்லிமீட்டர் ஊசிகள் மெலிந்தவை, எளிதில் வளைபவை. அவற்றைக் கடைசி வழியாகவே வைத்துக்கொள்ள வேண்டும். போர்டைத் துல்லியமாக உட்காரவைக்க, மூலைவிட்டத்தின் இரு முனைகளிலும் பூச்சில்லாத இரண்டு துளைகள் தேவை. சிப்புகளைச் சோதனைக்காகத் தொடராக இணைக்கும் ஜேடேக் சங்கிலிக்கும், போர்டை மேற்பார்வையிடும் பிஎம்சி சிப்பின் சீரியல் வழிக்கும் வெளியிலிருந்து எட்டக்கூடிய இணைப்பு வேண்டும். ஒவ்வொரு பவர் ரெயிலையும் (குறிப்பிட்ட ஒரு மின்னழுத்தத்தைப் பாகங்களுக்குக் கொண்டுசெல்லும் வழி) தனியாக நிறுத்திவைக்க ஒரு வழி இருக்க வேண்டும். ஆசிலேட்டர்களின் எனேபிள் பின்னை நேரடியாக ரெயிலோடு இணைக்காமல் ஒரு மின்தடை வழியாக இணைக்கும்படி கேட்பது சிறு விஷயமாகத் தோன்றும். அது இல்லாவிட்டால் சோதனையின்போது கடிகாரத் துடிப்பை நிறுத்த முடியாது.

லேஅவுட் செய்பவர்கள் இடமில்லை என்பார்கள். அவர்கள் சொல்வதும் உண்மைதான். எனவே எல்லாப் புள்ளிகளையும் கேட்டு வாதாடுவதைவிட, வேறு எந்தச் சோதனையாலும் பிடிக்க முடியாத இணைப்புகள் எவை என்று முதலில் கணக்கிட்டு, அவற்றுக்கு மட்டும் பிடிவாதமாக நிற்பதே பலன் தரும்.

ஊசிப் படுக்கையின் அழுத்தம் போர்டைச் சேதப்படுத்தாதா?

சேதப்படுத்தும். ஐசிடி ஃபிக்ஸ்சர் வடிவமைப்பில் மிகக் கவனமாகக் கையாள வேண்டியது இதுதான். ஒரு ஊசியின் விசை சுமார் 200 கிராம் என்று கொண்டால், 2,500 ஊசிகள் சேர்ந்து 500 கிலோவுக்குச் சமமான விசையுடன் போர்டைக் கீழிருந்து தள்ளுகின்றன. வெற்றிடத்தால் உறிஞ்சிப் போர்டைப் பிடிக்கும் பழைய முறையில், 30 சென்டிமீட்டருக்கு 33 சென்டிமீட்டர் அளவுள்ள போர்டின்மேல் கிடைக்கக்கூடிய விசை, துளைகளின் வழியே கசிவே இல்லாவிட்டாலும், சுமார் ஒரு டன்தான். நடைமுறையில் அது 800 கிலோவுக்கும் குறைவாகவே இருக்கும். துளைகளும் இணைப்பிகளும் நிறைந்த சர்வர் போர்டுகளுக்கு இந்த இருப்பு போதாது என்பதால், மேலிருந்து காற்றழுத்தத்தாலோ இயந்திர விசையாலோ அழுத்தும் முறையே ஏற்றது.

மொத்த விசையைவிட, அது போர்டில் எப்படிப் பரவுகிறது என்பதே முக்கியம். கீழே ஊசிகள் நெருங்கியும் மேலே அழுத்தும் தூண்கள் விலகியும் இருந்தால், போர்டு அந்த இடத்தில் வளையும். அந்த வளைவில் பிஜிஏ சிப்பின் மூலைகளில் உள்ள சாலிடர் உருண்டைகள் விரிசல் விடலாம், அல்லது உருண்டைக்குக் கீழுள்ள செப்புத் திட்டு போர்டின் இழைப் பொருளிலிருந்து பெயர்ந்து வரலாம். இந்த இரண்டாவது வகைச் சேதம் எக்ஸ்ரேயில் எளிதாகத் தெரியாது, சோதனையிலும் தேறிவிடும், சில மாதங்கள் சூடேறிக் குளிர்ந்த பிறகு டேட்டா சென்டரில் வெளிப்படும். போர்டைக் காப்பதற்காக வைத்த சோதனையே போர்டைக் கெடுத்த கதை அது.

ஆகவே புதிய ஃபிக்ஸ்சர் ஒவ்வொன்றிலும், பெரிய சிப்புகளின் மூலைகளில் வளைவால் வரும் இழுவையை அளக்கும் ஸ்ட்ரெயின் கேஜ்களை ஒட்டி, அழுத்தும்போதும் விடுவிக்கும்போதும் பதிவுசெய்ய வேண்டும். இதற்கான வழிகாட்டி ஐபிசி/ஜெடெக் 9704. நடைமுறையில் 500 மைக்ரோஸ்ட்ரெயின் (நீளத்தில் பத்து லட்சத்தில் 500 பங்கு மாற்றம்) என்ற எல்லையைப் பலர் பயன்படுத்துகிறார்கள். ஆனால் எல்லை என்பது ஒரே எண் அல்ல: போர்டு தடிமனாக ஆக அனுமதி குறைகிறது, வளையும் வேகம் கூடக் கூடவும் குறைகிறது. சர்வர் போர்டுகள் பல அடுக்குகளால் தடிமனானவை என்பதால், மெல்லிய போர்டுகளுக்கான எண்ணை அப்படியே எடுத்துக்கொள்வது ஆபத்து. அளவீடு எல்லையைத் தாண்டினால் தூண்களின் இடத்தை மாற்றுவது, அழுத்தும் வேகத்தைக் குறைப்பது, விசை குறைந்த ஊசிகளுக்கு மாறுவது என்ற வரிசையில் முயலலாம்.

அதிவேகத் தடங்களில் சோதனைப் புள்ளியே வைக்க முடியாதபோது என்ன செய்வது?

ஐந்தாம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ் தடம் ஒவ்வொன்றும் நொடிக்கு 32 கிகா டிரான்ஸ்ஃபர் வேகத்தில் இயங்குகிறது. அதன் நடுவே ஒரு வட்டத் திட்டை வைத்தாலே சமிக்ஞை சிதையும். டிடிஆர்5 மெமரித் தடங்களின் நிலையும் அதுதான். ஆகவே போர்டில் எண்ணிக்கையில் மிகுந்த இணைப்புகளே ஊசிக்கு எட்டாதவையாகின்றன.

இதற்கு முதல் விடை, ஜேடேக் சங்கிலி வழியாக நடக்கும் பவுண்டரி ஸ்கேன். 1990-இல் ஐஇஇஇ 1149.1 என்ற தரமாக வந்த இந்த முறையில், சிப்புகளின் ஒவ்வொரு பின்னுக்குப் பின்னாலும் ஒரு சிறு நினைவுக் கலம் இருக்கும். நான்கு கம்பிகளின் வழியே அவற்றில் மதிப்புகளை நுழைத்து, மறுமுனையில் உள்ள சிப்பில் என்ன வந்து சேர்ந்தது என்று படிக்கலாம். மின்தேக்கி வழியாக இணைந்த வேறுபாட்டு இணைகளுக்கு (ஒரே சமிக்ஞையை எதிரெதிராகக் கொண்டுசெல்லும் இரட்டைத் தடங்கள்) அது பொருந்தவில்லை என்பதால் 2003-இல் 1149.6 தரம் வந்தது. பிசிஐ எக்ஸ்பிரஸ் தடங்களுக்குத் தேவையானது இதுவே. மறுமுனையில் சிப் இல்லாத காலி ஸ்லாட்டுகளில், ஜேடேக் வசதியுள்ள சோதனை அட்டைகளைச் செருகிச் சங்கிலியை முழுமையாக்க வேண்டும். அந்த அட்டைகளை வாங்கவும் முடியும், செய்துகொள்ளவும் முடியும்.

சாக்கெட்டுகளுக்கும் கனெக்டர்களுக்கும் இன்னொரு வழி உண்டு. கனெக்டரின் மேல் ஒரு சிறு உலோகத் தகட்டை நிறுத்தி, கீழே ஊசியால் ஒரு சிறிய அலையைச் செலுத்தினால், பின் சரியாகச் சாலிடர் ஆகியிருக்கும்போது தகட்டில் சில ஃபெம்டோஃபாரட் அளவிலான மின்தேக்கம் தெரியும், திறந்திருந்தால் தெரியாது. ஊசியும் எட்டாமல், ஸ்கேன் வசதியும் இல்லாமல் மிஞ்சும் இணைப்புகளைச் செயல்பாட்டுச் சோதனைக்கு விட்டுவிட வேண்டியதுதான். எந்த இணைப்பு எந்தச் சோதனையில் பிடிபடுகிறது என்ற அட்டவணை ஒன்றை இந்தக் கட்டத்திலேயே எழுதிவைப்பவர்கள், பிறகு வாடிக்கையாளரிடமிருந்து பழுது திரும்பி வரும்போது திண்டாட மாட்டார்கள்.

செயல்பாட்டுச் சோதனை ஜிக் எந்த வரிசையில் இயங்க வேண்டும்?

மின்சாரம் கொடுப்பதற்கு முன் அளக்க வேண்டும் என்பது முதல் விதி. ஒவ்வொரு பவர் ரெயிலுக்கும் நிலத்துக்கும் இடையிலான மின்தடையை அளந்து, குறுக்குச்சுற்று இல்லை என்று உறுதியான பிறகே ஸ்டேண்ட்பை மின்சாரத்தை, மின்னோட்ட வரம்பு வைத்த சப்ளையிலிருந்து கொடுக்க வேண்டும். பிராசஸருக்கான ரெயில்கள் இயல்பிலேயே மிகக் குறைந்த மின்தடை காட்டுபவை என்பதால், அவற்றை நல்ல போர்டுகளின் அளவோடு ஒப்பிட்டே முடிவு செய்ய முடியும்.

ஸ்டேண்ட்பை சரியாக இருந்தால் பிஎம்சி உயிர்பெறும். அதன் ஃப்ளாஷில் ஃபர்ம்வேரை எழுதி, சீரியல் எண்ணையும் மேக் முகவரியையும் பதிந்து, அதன் வழியாகவே மற்ற சென்சார்களைப் படிக்கலாம். இதற்கு 1998-இல் வந்த ஐபிஎம்ஐ என்ற சர்வர் மேலாண்மை நெறிமுறை இன்றும் பயன்படுகிறது. புதிதாக எழுதுபவர்கள் 2015-இல் வந்த ரெட்ஃபிஷ்ஷையே தேர்ந்தெடுக்கலாம். அதன் பிறகு முக்கிய மின்சாரம். ரெயில்கள் எந்த வரிசையில், எத்தனை மில்லிநொடி இடைவெளியில் எழுகின்றன என்பதை ஜிக் தனியாகப் பதிவுசெய்ய வேண்டும்; பிஎம்சி சொல்வதை மட்டும் நம்பக் கூடாது, ஏனெனில் சோதிக்கப்படும் பொருளே சோதனையாளராகவும் இருக்க முடியாது. பிராசஸர் எழுந்ததும் நெட்வொர்க் வழியாக டிஸ்க் இல்லாத லினக்ஸ் படிமம் ஒன்றை ஏற்றி, மெமரி, பிசிஐ எக்ஸ்பிரஸ், யுஎஸ்பி, நெட்வொர்க் ஆகியவற்றைச் சோதிக்கலாம். பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்பு வந்துவிட்டது என்பது போதாது: எத்தனை தடங்களோடு, எந்த வேகத்தில், எத்தனை திருத்தப்பட்ட பிழைகளோடு வந்தது என்பதைப் பார்க்க வேண்டும். 16 தடங்களுக்குப் பதில் 8 தடங்களில் அமைதியாக வேலை செய்யும் ஸ்லாட்டுகள் இந்த இடத்தில்தான் நழுவிப் போகின்றன.

சாக்கெட்டுகளும் கனெக்டர்களும் எத்தனை முறை தாங்கும்?

பலர் நினைப்பதைவிடக் குறைவு. மெமரி அட்டையைச் செருகும் டிஐஎம்எம் ஸ்லாட்டின் தரக் குறிப்பில் இருப்பது சுமார் 25 செருகல்கள். பிராசஸர் சாக்கெட்டுக்கு 30-ஐ ஒட்டிய எண்ணிக்கை. வாடிக்கையாளர் அந்த அளவுக்குச் செருகப்போவதில்லை என்பதால் பொருளுக்கு இது போதும். ஆனால் சோதனையிலும் மறுசோதனையிலும் செலவாகும் ஒவ்வொரு செருகலும் அந்தக் கையிருப்பிலிருந்தே கழிகிறது. இன்டெலின் எல்ஜிஏ4677 சாக்கெட்டில் 4,677 மென்மையான கம்பிக் கால்களும், ஏஎம்டி எஸ்பி5 சாக்கெட்டில் 6,096 கால்களும் இருக்கின்றன. கையால் பிராசஸரைச் சாய்வாக வைத்தால் ஒரு கால் வளைந்து, முழு போர்டும் பழுதாகிவிடும். எனவே பிராசஸரை நேர்க்குத்தாக இறக்கும் வழிகாட்டிச் சட்டத்துக்காகச் செலவிடும் பணத்தில் தயக்கம் காட்டக் கூடாது.

ஜிக்கின் பக்கம் நிலைமை இன்னும் கடுமை. நெட்வொர்க் கேபிளின் ஆர்ஜே45 முனை சுமார் 750 செருகல்களுக்கும், யுஎஸ்பி-ஏ முனை 1,500 செருகல்களுக்கும் வடிவமைக்கப்பட்டவை. நாளொன்றுக்கு 200 போர்டுகள் ஓடும் நிலையத்தில் ஆர்ஜே45 முனை நான்கு நாள்கூடத் தாங்காது. கடையில் வாங்கிய கேபிளை ஜிக்கில் கட்டிவிட்டு, ஐந்தாம் நாளிலிருந்து நெட்வொர்க் சிப்பின்மேல் பழிபோடுவது தொழிற்சாலைகளில் மிகவும் வழக்கமான காட்சி. இத்தகைய முனைகளை, ஸ்பிரிங் ஊசி கொண்ட சோதனை முனைகளாக மாற்ற வேண்டும்; அல்லது ஒரு திருகைக் கழற்றினால் மாற்றிவிடக்கூடிய சிறு இடைப்பலகையில் பொருத்தி, எண்ணிக்கை எட்டியதும் மென்பொருளே நிலையத்தை நிறுத்தும்படி செய்ய வேண்டும். ஜிக்கிலேயே தங்கும் பிராசஸரும் மெமரியும் ஒரு போர்டின் அழுக்கை அடுத்த போர்டுக்குக் கடத்துபவை என்பதால், அவற்றைத் துடைப்பதும் மாற்றுவதும் பராமரிப்பு அட்டவணையில் எழுத்தில் இருக்க வேண்டும்.

மில்லி ஓம் அளவிலான மின்தடைகளை எப்படி அளப்பது?

நான்கு கம்பி முறையில்தான். ஒரு ஊசியின் தொடுமின்தடை மட்டுமே சில பத்து மில்லி ஓம்கள் வரும். மின்னோட்டத்தை அளக்க வைக்கும் 1 மில்லி ஓம் ஷன்ட் மின்தடையை இரண்டு ஊசிகளால் அளந்தால் ஊசியைத்தான் அளக்கிறோம். மின்னோட்டத்துக்கு ஒரு இணை, மின்னழுத்தத்தைப் பார்க்க வேறொரு இணை என்று நான்கு ஊசிகளுக்கு இடம் விடும்படி லேஅவுட் கட்டத்திலேயே கேட்க வேண்டும்.

ஜிக் சரியாக அளக்கிறது என்று எப்படி நிரூபிப்பது?

நல்ல போர்டு ஒன்றை வைத்து, அது தேறுகிறது என்று காட்டுவது நிரூபணம் ஆகாது. எதையுமே அளக்காத ஜிக்கும் அதைச் செய்துவிடும். ஆகவே தெரிந்தே பழுதாக்கிய போர்டுகள் வேண்டும்: ஒரு மின்தேக்கியை எடுத்துவிட்ட போர்டு, ஒரு மின்தடையை அடுத்த மதிப்புக்கு மாற்றிய போர்டு, ஒரு சிப்பின் காலைத் தூக்கிவிட்ட போர்டு, இரண்டு தடங்களைக் குறுக்கே இணைத்த போர்டு. முன்னர் சொன்ன அட்டவணையில் இந்த ஜிக் பிடிக்கும் என்று எழுதியுள்ள பழுதுகளில் சிலவற்றையாவது இப்படி விதைத்து, அவை சரியான பெயரோடு பிடிபடுகின்றனவா என்று பார்க்காமல் எந்த ஜிக்கையும் உற்பத்திக்கு விடக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. கால நெருக்கடியில் முதலில் கைவிடப்படுவது இந்த வேலையாகவே இருக்கிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

அடுத்தது, திரும்பத் திரும்ப அளந்தாலும், யார் அளந்தாலும், அதே எண் வருகிறதா என்பது. பத்து போர்டுகள், மூன்று ஆபரேட்டர்கள், ஒவ்வொருவரும் இரண்டு அல்லது மூன்று முறை என்ற வழக்கமான கேஜ் ஆர் அண்டு ஆர் ஆய்வில், அளவீட்டு முறையின் சிதறல் அனுமதி வரம்பில் 10 சதவீதத்துக்குள் இருந்தால் நன்று. 30 சதவீதத்தைத் தாண்டினால் ஏற்கத் தகாதது. ஒன்றுக்கும் மேற்பட்ட ஜிக்குகள் இருந்தால் ஆபரேட்டர்களுக்குப் பதிலாக ஜிக்குகளை மாற்றிப் பார்ப்பதே பயனுள்ளது, ஏனெனில் தானியங்கி நிலையத்தில் மனிதர்களைவிட ஜிக்குகளே அதிகம் வேறுபடுகின்றன.

தேர்ச்சி எல்லைகளை இறுக்கமாக வைப்பது நல்லதா, தளர்வாக வைப்பது நல்லதா?

கேள்வி இப்படி வரும்போதே எல்லை எங்கிருந்து வருகிறது என்பது மறந்துபோயிருக்கிறது. 3.3 வோல்ட் ரெயிலுக்கு 5 சதவீத அனுமதி என்றால் எல்லை 3.135-இலிருந்து 3.465 வரை, அது அந்த ரெயிலில் உள்ள சிப்புகளின் தரக் குறிப்பிலிருந்து வருகிறது. அதற்குள் அளவீட்டின் பிழையை இரு பக்கமும் கழித்து உள்நோக்கி நகர்த்த வேண்டும். முதல் பத்துப் போர்டுகளை அளந்து, அவற்றின் சராசரியைச் சுற்றி எல்லை வரைவது, ஒரே தொகுதி உதிரிபாகங்களின் குணத்தைத் தரமாக்கிவிடும். அடுத்த தொகுதி வரும்போது நல்ல போர்டுகள் குவியலாகத் தோற்கும்.

பொய்ப் பழுதுகளின் விலையைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். நாளுக்கு 1,000 போர்டுகள், அவற்றில் உண்மையான பழுது 2 சதவீதம், நல்ல போர்டுகளை ஜிக் தவறாகத் தோற்கடிப்பது 3 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். தோற்ற ஏறத்தாழ 50 போர்டுகளில் 29 அல்லது 30 நல்லவை. இரண்டே வாரத்தில் ஆபரேட்டர்கள் சிவப்பு விளக்கைக் கண்டால் மறுபடி அழுத்திப் பார் என்று பழகிவிடுவார்கள். அவர்களைக் குறைசொல்ல முடியாது, பாதிக்கு மேற்பட்ட நேரம் அவர்கள் செய்வது சரியாகவே இருக்கிறது. ஆனால் விட்டுவிட்டு வரும் உண்மையான பழுது ஒன்று, மூன்றாவது முயற்சியில் தேறி வெளியே போய்விடும். எனவே மறுசோதனைக்கு எண்ணிக்கை வரம்பு வேண்டும். ஒருமுறையாவது தோற்ற போர்டு, பின்னர் தேறினாலும், அதன் வரலாறு பதிவில் நிற்க வேண்டும்.

ரன்-இன் அறைக்கு எத்தனை இடங்கள் தேவை?

மணிக்கு 30 சர்வர்கள் வெளியேற வேண்டும், ஒவ்வொன்றும் 4 மணிநேரம் ஓட வேண்டும் என்றால், எந்த நேரத்திலும் 120 சர்வர்கள் அறைக்குள் இருக்கும். ஏற்றி இறக்கும் நேரத்தையும் பழுதாகி நிற்கும் இடங்களையும் கணக்கில் கொண்டு 85 சதவீதப் பயன்பாடு என்று எடுத்தால் 141 அல்லது 142 இடங்கள் தேவை. ஒரு சர்வர் 800 வாட் எடுத்தால் 120 சர்வர்களுக்கு 96 கிலோவாட். அவ்வளவும் வெப்பமாகவே வெளிவரும், அதை அகற்றச் சுமார் 27 டன் குளிரூட்டல் வேண்டும். கட்டடத்தின் மின் இணைப்பும் குளிரூட்டலும் ஜிக்கைவிட நீண்ட காலம் எடுப்பவை. இந்தக் கணக்கை முதல் வாரத்திலேயே போட்டுவிட வேண்டும்.

மணிநேரத்தைக் கூட்டுவதைவிட, அந்த நேரத்துக்குள் என்ன நடக்கிறது என்பதில் கவனம் வைப்பதே மேல். ஒரே சுமையில் 12 மணிநேரம் ஓட்டுவதைக் காட்டிலும், முழுச் சுமை, வெறுமை, மின் துண்டிப்பு, மறுதொடக்கம் என்று மாற்றி மாற்றி 4 மணிநேரம் ஓட்டுவது தளர்ந்த இணைப்புகளையும் விளிம்பில் நிற்கும் மெமரியையும் வெளிக்கொணர வாய்ப்பு அதிகம். மெமரிச் சுமைக்குக் கூகுள் வெளியிட்ட திறமூலக் கருவியான ஸ்ட்ரெஸ்ஆப்டெஸ்ட் நன்றாகவே உதவுகிறது.

பிழையே காட்டாமல் தவறாகக் கணக்கிடும் பிராசஸர்களைப் பிடிக்க முடியுமா?

ஓரளவுக்கு. 2021-இல் கூகுள், ஃபேஸ்புக் பொறியாளர்கள் தனித்தனியே வெளியிட்ட ஆய்வுகளுக்குப் பிறகு இது பரவலாகப் பேசப்படுகிறது. சில ஆயிரம் இயந்திரங்களுக்குச் சில கோர்கள் என்ற விகிதத்தில், குறிப்பிட்ட கட்டளைகளுக்கு மட்டும், குறிப்பிட்ட வெப்பத்திலோ மின்னழுத்தத்திலோ தவறான விடை தரும் கோர்கள் இருப்பதாகக் கூகுள் எழுதியது. ரன்-இன்னில் செய்யக்கூடியது, சுமையேற்றும் நிரல் தன் விடையைத் தானே சரிபார்ப்பதாக இருப்பதும், அது ஒவ்வொரு கோரிலும் தனித்தனியே ஓடுவதும்தான். விடையைப் பார்க்காமல் கோர்களைச் சூடாக்க மட்டும் செய்யும் நிரல் இந்தப் பழுதை ஒருபோதும் காட்டாது. பயன்பாட்டில் பழசான பிறகு தோன்றும் இத்தகைய பழுதுகளைத் தொழிற்சாலையில் பிடிக்க வழியில்லை.

சோதனை மென்பொருளை எப்படி அமைக்க வேண்டும்?

என்ஐ டெஸ்ட்ஸ்டாண்ட், கூகுளின் ஓபன்எச்டிஎஃப், சொந்தமாக எழுதிய பைத்தான் என எது வேண்டுமானாலும் இருக்கலாம். அது பெரிய வேறுபாட்டை உண்டாக்குவதில்லை. எல்லை மதிப்புகள் நிரலுக்குள் புதைந்திராமல் தனிக் கோப்பில், பதிப்பு எண்ணோடு இருக்க வேண்டும். தேறியது, தோற்றது என்பதோடு நிற்காமல் அளந்த எண்ணையே சேமிக்க வேண்டும். போர்டின் பார்கோடோடு, எந்த ஜிக், எந்த இடம், ஊசிகளின் எத்தனையாவது அழுத்தம் என்பதும் பதிவாக வேண்டும். தோல்விகள் ஏழாம் இடத்தில் மட்டும் குவிகின்றன என்பது தெரிந்தாலே, போர்டுகளைப் பழுதுநீக்கும் மேசைக்கு அனுப்புவதற்கு முன் ஜிக்கைத் திறந்து பார்க்கத் தோன்றும். நெட்வொர்க் துண்டித்தால் உற்பத்தி நிற்காமல், பதிவுகளை உள்ளேயே வைத்துக்கொண்டு பிறகு அனுப்பும் ஏற்பாடும் தேவை.

ஆபரேட்டரின் பாதுகாப்புக்கு என்ன வேண்டும்?

அழுத்தும் மூடி இறங்கும்போது இரு கைகளும் இரு பொத்தான்களில் இருக்க வேண்டும், அல்லது ஒளித்திரை இருக்க வேண்டும். மூடி திறந்திருக்கும்போது மின்சாரம் பாயாது என்பதை மென்பொருள் அல்ல, நேரடிக் கம்பி இணைப்பே உறுதிசெய்ய வேண்டும். 48 வோல்ட் டிசி தொட்டால் உயிர்போகும் அளவில் இல்லை என்பதால் அசட்டையாக இருக்கிறார்கள். நூற்றுக்கணக்கான ஆம்பியர் தரக்கூடிய 48 வோல்ட் பஸ்பாரின் (தடித்த செப்புப் பட்டை) குறுக்கே ஒரு ஸ்பேனர் விழுந்தால் அது உருகித் தெறிக்கும். நிலைமின் பாதுகாப்பு ஏஎன்எஸ்ஐ/இஎஸ்டி எஸ்20.20 முறைப்படி இருக்க வேண்டும். போர்டைத் தொடும் பிளாஸ்டிக் பாகங்கள் ஒவ்வொன்றும் மின்னேற்றத்தை மெதுவாகக் கடத்திவிடும் வகையைச் சேர்ந்தவையா என்று மீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஏஐ சர்வர்களுக்கும் திரவக் குளிரூட்டலுக்கும் ஜிக் எப்படி மாறுகிறது?

அளவு மாறுகிறது. எட்டு ஜிபியு கொண்ட என்விடியா டிஜிஎக்ஸ் எச்100 ஒன்றே அதிகபட்சம் 10.2 கிலோவாட் எடுக்கும். 72 ஜிபியு கொண்ட ஜிபி200 ரேக் சுமார் 120 கிலோவாட். மேலே சொன்ன 120 சர்வர் அறையின் மின்சாரத்தை ஒரே ரேக் விழுங்கிவிடுகிறது. எனவே ரேக் முழுவதையும் குளிர்நீரோடு இணைத்துச் சோதிக்கும் வசதியே தனித் திட்டமாகிறது.

புதிதாக வருவது கசிவுச் சோதனை. திரவம் நிரப்புவதற்கு முன், குளிர்த் தகடுகளையும் குழாய்களையும் காற்றாலோ நைட்ரஜனாலோ நிரப்பி, அழுத்தம் இறங்குகிறதா என்று பார்க்கிறோம். இங்கே வெப்பநிலை ஏமாற்றும். முழுமையான அழுத்தம் 3 பார் என்றால், 1 டிகிரி செல்சியஸ் குளிர்ந்தாலே 10 மில்லிபார் இறங்கும்; தேடும் கசிவு அதைவிடச் சிறியதாக இருக்கலாம். நிரப்பும்போது வாயு சூடாகிறது என்பதால், அது நிலைபெறும் வரை காத்திருந்து, பிறகே அளக்கத் தொடங்க வேண்டும். காத்திருக்கும் நேரத்தை வெட்டி நேரம் மிச்சம் பிடித்தால், நல்ல தகடுகள் கசிவதாகத் தோற்கும்.

இந்த வேலை நம் பக்கத்தில் நடக்கிறதா?

சர்வர் போர்டுகளில் பெரும்பகுதியைத் தைவானைச் சேர்ந்த குவான்டா, விவின், இன்வென்டெக், ஃபாக்ஸ்கான் போன்ற நிறுவனங்கள் செய்கின்றன. ஜிக் வடிவமைப்பும் அவற்றைச் சுற்றியே வளர்ந்தது. 2024 செப்டம்பரில் லெனோவா, புதுச்சேரி ஆலையில் ஆண்டுக்கு 50,000 ஏஐ சர்வர்கள் தயாரிக்கப்போவதாக அறிவித்தது. மற்ற மின்னணுப் பொருள்களுக்கு ஜிக் செய்து பழகிய பட்டறைகளுக்கு இயந்திர வேலை புதிதாக இருக்காது. ஸ்ட்ரெயின் அளவீடு, பவுண்டரி ஸ்கேன், பிஎம்சி மென்பொருள் ஆகியவற்றில்தான் ஆட்களைப் பழக்க வேண்டியிருக்கும்.

ஒரு மாடலின் உற்பத்தி நின்ற பிறகு ஜிக்கை என்ன செய்வது?

பிரித்து எறிய அவசரப்பட வேண்டாம். வாடிக்கையாளரிடமிருந்து பழுதுபார்க்க வரும் போர்டுகள் பல ஆண்டுகளுக்குத் தொடரும் என்பதால், ஒரு ஜிக்காவது இயங்கும் நிலையில் இருக்க வேண்டும். தொடக்கத்திலேயே, மாடலுக்கு உரிய ஊசித் தட்டையும் கேபிள்களையும் ஒரு பகுதியாகவும், மின் சப்ளை, மீட்டர், கணினி ஆகியவற்றை இன்னொரு பகுதியாகவும் பிரித்து வடிவமைத்திருந்தால், இரண்டாவது பகுதி அடுத்த மாடலுக்குப் போய்விடும். அலமாரியில் தங்குவது தட்டு மட்டுமே. அதோடு கடைசியாகப் பயன்பட்ட மென்பொருளின் பதிப்பு, எல்லைக் கோப்பு, ஒரு நல்ல போர்டு, விதைத்த பழுதுகளோடு கூடிய போர்டுகள் ஆகியவற்றையும் ஒரே பெட்டியில் வைத்து, பெட்டியின்மேல் மாடல் எண்ணை எழுதிவிட வேண்டும்.